நூற்றுக்கு ஏழு

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறைக்கு இரண்டு நாற்காலி. இரண்டுக்கும் கை வைக்க அகலமான பலகை, பலகைமேல் கறுப்பு ரெக்சின் உறை, உறையின் நடுவில் வருஷக்கணக்காக முழங்கைகள் பட்டுப் பட்டு வெளுத்துப்போன ஒரு வட்டம். முதல் நாற்காலி இருபத்தொன்பது வருஷமாக அவளுடையது. அதில் உட்காருகிறவர்கள் என்னவோ நோயாளிகள்தான், அவள் எதிரே முக்காலியில்தான் இருப்பாள். ஆனாலும் அது யாருடைய நாற்காலி என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் ஒரே குத்து அக்கா. மெலிந்த கை, கொழுத்த கை, நோயில் வற்றிப்போன கை, எதை நீட்டினாலும் விரல் நுனியால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள், ஊசி உள்ளே போயிருக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "எப்ப குத்துவீங்க?" என்று கேட்பவர்களிடம் பஞ்சைக் கொடுத்து, "முடிஞ்சுது, கையை மடக்கிக்குங்க" என்பாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டாள், யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டாள்.

நடுக்கம் வந்தது இடது கைக்கு, ஐம்பத்திரண்டாவது வயதில். ஒரு சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது கணவர், "என்னத்தை உருட்டிட்டிருக்கே?" என்று கேட்டார். குனிந்து பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, இல்லாத பஞ்சை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தன. "வீட்டுக்கு வந்தாலும் வேலை ஞாபகம்தான்" என்றாள். அவர் சிரித்தார். அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பாடப்புத்தகத்திலிருந்து மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம்வரை அங்கே எது அச்சுக்குப் போனாலும் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போகவேண்டும். வெளியில் அவ்வளவு கறார், வீட்டில் வாயில்லாப் பூச்சி.

நடுக்கத்துக்கு ஒரு கள்ளத்தனம் இருந்தது. ஊசியைக் கையில் எடுத்தால் இருக்கும் இடம் தெரியாமல் ஒளிந்துகொள்ளும், கையைச் சும்மா மடியில் வைத்தால் வந்துவிடும். ஆகவே அவள் சும்மா இருப்பதை விட்டாள். நோயாளி இல்லாத நேரத்தில் குழாய்களை நிறவாரியாக அடுக்கினாள், அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். டீ குடிக்கும்போது இடது கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நான்கு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, தன் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரிய வேண்டாமென்று ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு நரம்பு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆள்காட்டி விரலால் கட்டைவிரலைத் தட்டச் சொன்னாள், வேகமாக, இன்னும் வேகமாக. மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தாள். வராந்தாவில் நடந்துபோய்த் திரும்பி வரச் சொன்னாள். திரும்பி வந்தவளை உட்காரவைத்து, பூசி மெழுகாமல், பார்க்கின்சன் நோய் என்று சொன்னாள்.

"ரத்தம் எப்ப கொடுக்கணும்?" என்று இவள் கேட்டாள்.

"இதுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாதும்மா. பாத்துதான் சொல்றோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தொன்பது வருஷமாக ஊர்ப்பட்ட நோய்களையெல்லாம் ஊதா மூடி, சிவப்பு மூடி, நீல மூடி என்று குழாயில் அடைத்து அனுப்பியவள். தனக்கென்று வந்த நோய்க்கு ஒரு குழாய் இல்லை. எண் இல்லை, அளவு இல்லை, 'இதற்கு மேல் போனால் ஆபத்து' என்று பக்கத்தில் அச்சடித்த வரம்பு இல்லை. எண் இல்லாத நோயை நம்புவதா வேண்டாமா என்றே அவளுக்குப் புரியவில்லை.

"மாத்திரை இருக்கு" என்றாள் டாக்டர். "நோயைக் குணப்படுத்தாது, ஆனா கைகாலை நல்லா வேலை செய்ய வைக்கும். இன்னிக்கே ஆரம்பிச்சாகணும்னு இல்ல. உங்க வேலைக்கு, வீட்டு வாழ்க்கைக்கு இடைஞ்சலா இருக்குன்னா ஆரம்பிக்கலாம். அது எப்போன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

"வெளியில உக்காந்திருந்தவர் ஒருத்தர் சொன்னாரு, அந்த மாத்திரை அஞ்சு வருஷம்தான் கேக்கும், அதனால தள்ளிப்போடுன்னு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. மாத்திரை தீர்ந்து போறதில்லம்மா, நோய் வளருது. தள்ளிப்போட்டா மிச்சமாகறது ஒண்ணுமில்ல, அந்த நாளெல்லாம் நீங்க சிரமப்பட்டதுதான் மிச்சம். அதுக்காக அவசரமும் வேணாம். இடைஞ்சல்னு தோணின அன்னிக்கு வாங்க."

தோன்றுவதையெல்லாம் வைத்து முடிவு செய்கிற ஆள் இல்லை அவள். அவள் வேலை செய்கிற இடத்தில் தினமும் காலையில், முதல் நோயாளியின் ரத்தம் மெஷினுக்குள் போவதற்கு முன்னால், ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு ரத்தத்தை அதற்குள் போட்டுப் பார்ப்பார்கள். கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். தெரிந்த அளவையே மெஷின் சொன்னால் அன்றைக்கு அதை நம்பலாம், கூடக்குறையச் சொன்னால் நிறுத்திப் பழுது பார்க்கவேண்டும். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவள் தனக்கும் ஒரு கன்ட்ரோல் வைத்துக்கொண்டாள். எப்போதும் நூறு பேரில் மூன்று பேருக்கு அவளும் இரண்டாவது குத்து குத்தத்தான் வேண்டியிருந்தது. பட்டப்பெயரெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். அந்த மூன்று ஏழு ஆகட்டும், அன்றைக்கு மாத்திரையைத் தொடங்கலாம். ஏன் ஆறு இல்லை, ஏன் எட்டு இல்லை என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. ஓர் எண் கிடைத்துவிட்டது, மனசு நிம்மதியாகிவிட்டது.

கணவரிடம் நோயின் பெயரைச் சொன்னாள். "மருந்து?" என்றார். "இப்ப வேணாம்னுட்டாங்க" என்றாள். டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் சொன்னால் அது பொய்யாகாது என்று அவள் எண்ணம். அவர் தலையாட்டினார்.

கோடு போட்ட சின்ன நோட்டு ஒன்றைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். தேதி, எத்தனை பேர், எத்தனை இரண்டாவது குத்து. முதல் மாதம் நூற்றுக்கு நான்கு, அடுத்த மாதம் ஐந்து. ஆனால் மூன்றாவது மாதம் இரண்டுக்கு இறங்கியது, நான்காவது மாதமும் இரண்டு. ஐந்தாவது மாதம் ஒன்று. நல்ல காலத்தில்கூட அவள் இப்படி எடுத்ததில்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுபடி டாக்டரிடம் போனபோது நோட்டைக் கொண்டுபோய் ஒப்பித்தாள்.

"முன்னைவிட நல்லாவே இருக்கு டாக்டர்."

டாக்டர் எண்களைக் கேட்டுக்கொண்டாள், ஆனால் அவள் பார்த்தது இவள் நடையை. இடது கை வீசவில்லை, உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. "வீட்ல எப்படி இருக்கீங்க?" என்றாள்.

"வீட்ல என்ன டாக்டர், எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்களேன்."

"அவருக்கு வேலை" என்று எழுந்துவிட்டாள்.

வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நான் சொல்கிறேன். கோட்டின் ஐந்து பொத்தானையும் போட அவளுக்குக் கால்மணி நேரம் பிடித்தது. அதனால் அவிழ்ப்பதையே விட்டுவிட்டு, போட்ட பொத்தான் போட்டபடி தலை வழியாக மாட்டிக் கழற்றினாள். படுக்கையில் புரண்டு படுக்க ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியூரில் இருக்கும் மகள் போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், "ஏம்மா எப்பப் பாத்தாலும் கோவமாவே இருக்கே?" என்று கேட்டாள். கோபமே இல்லை. முகம்தான் அசைய மறுத்தது. ஒருநாள் மகள் தான் பிள்ளையுண்டாகியிருப்பதைச் சொன்னாள். இவளுக்கு உள்ளுக்குள் தாங்க முடியாத சந்தோஷம், ஆனால் திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்தை அவளே பார்த்தாள், வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தவள் முகம் மாதிரி இருந்தது. "உனக்குச் சந்தோஷமே இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை. இதையெல்லாம் எழுத நோட்டில் கட்டம் இல்லை. நோட்டில் ஏழு வரவில்லை, ஆகவே இடைஞ்சல் இல்லை. இப்படியே பதினாலு மாதம் போனது.

அறைக்கு வெளியே டோக்கன் கொடுக்கிற மேசை. அதில் இருந்த அம்மாளை டோக்கன் அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சீட்டை வாங்கிப் பார்த்து, எண் எழுதிய அட்டையைக் கொடுத்து, "முதல் நாற்காலி", "ரெண்டாவது நாற்காலி" என்று அனுப்புவாள். இரண்டாவது நாற்காலியில் இருந்தவன் நெட்டை. முப்பத்தைந்து வயது, கதவுச் சட்டத்தில் தினம் ஒருமுறையாவது தலையை இடித்துக்கொள்கிற உயரம், வாய் ஓயாத பேச்சு. பதினைந்தாவது மாதத்தில் டோக்கன் அம்மா காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டாள். மேசைக்கு வேறு பிரிவிலிருந்து ஒருத்தி வந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒற்றை எண் முதல் நாற்காலிக்கு, இரட்டை எண் இரண்டாவதுக்கு என்று வரிசையாக அனுப்பத் தொடங்கினாள்.

காலை ஏழரைக்கு முதல் ஆள் வந்தார். மாதக்கணக்காக ஆஸ்பத்திரியே கதியாகக் கிடக்கிற கிழவர், தோல் காகிதமாகிவிட்டது. இரண்டு குத்து ஆனது. அடுத்தவளுக்கும் இரண்டு. அதற்கடுத்து வந்த பருமனான மனிதருக்கு மூன்று. அவர், "இவ்வளவு தடவையா?" என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். குழாயை மாற்றும்போது இடது கை சொன்னதைக் கேட்க ஒரு நொடி தாமதித்தது, அந்த ஒரு நொடியில் ஊசி இடம் மாறிவிட்டது. எட்டரை மணிக்குள் பதினொரு பேர், அதில் ஆறு பேருக்கு மறுகுத்து. நோட்டை எடுத்து எழுத அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பன்னிரண்டாவதாக ஒரு தையல்காரி வந்து உட்கார்ந்தாள். பக்கத்துத் தெருவில் கடை, பள்ளிச் சீருடை தைக்கிறவள், முப்பது வயதிருக்கும். கையை நீட்டிக்கொண்டே வெகுளியாகப் பேசினாள்.

"எனக்கு நரம்பே கிடைக்காதுங்க. எப்பவும் அந்த அண்ணன்தான் எடுப்பாரு. டோக்கன் அம்மா என் கையைப் பாத்ததுமே அவர்கிட்ட போன்னு அனுப்பிடுவாங்க. ஒல்லிக் கை எல்லாம் அங்கதானாமே."

அவள் நெட்டையைப் பார்த்தாள். நெட்டை சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, மூடியிருந்த குழாயையே மறுபடி மூடினான். மூன்றாவது மாதத்திலிருந்து எண் ஏன் இறங்கியது என்று அவளுக்கு அந்த ஒரு குனிவில் விளங்கிவிட்டது. நல்ல கைகளை மட்டும் பொறுக்கி அவளிடம் அனுப்பியிருக்கிறார்கள். ரத்தத்தைப் பொறுக்கி எடுத்து மெஷினுக்குள் போட்டு, மெஷின் நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்தால் அதற்கு அந்தக் கட்டடத்தில் என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். மோசடி.

"அக்கா, இவங்களை நான் பாத்துக்கிறேன்" என்றான் நெட்டை.

அந்த நேரத்தில் எழுந்து போயிருக்கலாம். முக்காலியைத் தள்ளிவிட்டு, இந்தா எடு என்று சொல்லியிருக்கலாம். அவளை அவமானம் பிடுங்கித் தின்றது. "உன் வேலையைப் பாரு" என்றாள். தையல்காரியின் மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

முதல் குத்தில் ஒன்றும் வரவில்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதுக்கு இடத்தை மாற்றி, முழங்கை மடிப்பின் உள்பக்கமாக, கொஞ்சம் ஆழமாகப் போனாள். ஜனங்கள் நரம்பு என்று சொல்வது ரத்தக்குழாயைத்தான். உண்மையான நரம்பு அதற்கும் கீழே ஓடுகிறது. அதைத் தொட்டால் கை முழுக்க கரண்ட் அடித்தது போலிருக்கும். தொட்டது தெரிந்த அந்தக் கணமே ஊசியை வெளியே இழுத்துவிட வேண்டும் என்பது இந்த வேலையில் முதல்நாள் பாடம். தையல்காரி "அம்மா" என்று அலறிக் கையை உதறினாள். இவளுக்குத் தெரிந்தது, இழு என்று மூளை சொன்னது. கை கேட்டுக்கொண்டு, யோசித்து, தன் சௌகரியத்துக்கு இழுத்தது. அதற்குள் உதறிய கைக்குள்ளே ஊசி ஒருமுறை பக்கவாட்டில் போய்வந்துவிட்டது. இந்த நோய் வெறும் நடுக்கம்தான் என்று அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நடுக்கம் அன்றைக்குத் துளிகூட இல்லை. மந்தம்தான் காரியத்தைக் கெடுத்தது.

தையல்காரியைப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போயிருந்தன. சில மாதத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்கள்.

மத்தியானம் அறை காலியானதும் அவள் நெட்டையைக் கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"போன வருஷத்துலேர்ந்துக்கா. ஒருநாள் நீங்க கோட்டைத் தலை வழியா மாட்டிட்டிருந்தீங்க. பாத்துட்டேன். டோக்கன் அம்மாகிட்ட சொன்னேன். கஷ்டமான கையெல்லாம் எனக்கே அனுப்பிடலாம்னு பேசிக்கிட்டோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"எப்படிக்கா கேக்கறது. வேலைய விட்டுடுவீங்களோன்னு பயம். நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சோம்."

"நோய் எனக்கு. கணக்கு என்னோடது. அதை நம்பி மாத்திரைய எடுக்காம உக்காந்திருந்தேன்டா. ஏழு வரட்டும் வரட்டும்னு."

"என்ன ஏழு?" என்றான் நெட்டை. அவனுக்கு நோட்டைப் பற்றித் தெரியாது. அவனிடம் அவள் அதுவரை சொன்னதில்லை. அவளும் மறைத்தாள், அவர்களும் மறைத்தார்கள்.

இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் முதல் மாதமே, "உனக்குக் கை வரல, போய் மருந்து சாப்பிடு" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பான். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் அவள்மேல் பிரியம். கண்டும் காணாமல் இருப்பதை மரியாதை என்று நினைக்கிறவர்கள். அத்தனை நல்லவர்களும் கூடி அவளுடைய பதினாலு மாதத்தைத் தின்றுவிட்டார்கள்.

அவள் அப்படி நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நடந்ததை எழுதித் தரச் சொல்லிப் படிவம் கொடுத்தபோது, தன் நோயையும், அது வந்து எத்தனை மாதம் என்பதையும் ஒளிக்காமல் எழுதினாள். நெட்டையும் டோக்கன் அம்மாவும் செய்ததை எழுதவில்லை. "அதெல்லாம் அவங்க. மூணாவது குத்து நான்" என்று பிறகு கணவரிடம் சொன்னாள்.

ஊசி தவறிய அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டாள். முழுக் கதையையும் சொன்னாள், டாக்டர் சொன்னதில் தான் விழுங்கிய பாதியையும் சேர்த்து. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். அப்புறம் நடுப்பக்கம், கடைசிப் பக்கம். எண்களை அவர் படிக்கவே இல்லை. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து மடித்து அவளிடம் காட்டினார்.

"எழுத்தைப் பாரு" என்றார்.

முதல் பக்கத்தில் ஒவ்வோர் எண்ணும் கோட்டுக்குக் கோடு நிரம்பி நின்றது. கடைசிப் பக்கத்தில் பாதிக் கோடுகூட இல்லை, ஒவ்வொரு வரியும் போகப்போக இன்னும் ஒடுங்கி எறும்பு ஊர்ந்த மாதிரி முடிந்தது. நூற்றுக்கு ஒன்று என்று அவள் பெருமையாக எழுதிய அந்த ஒன்றைக் கண்ணாடி போட்டால்தான் பார்க்க முடிந்தது. இடது கையோடு நிற்காமல் நோய் எழுதுகிற கைக்கும் வந்திருந்தது.

"நீ எழுதிக் கொடுக்கிற சாமான் சீட்டெல்லாம்கூட இப்படித்தான் வருது. படிக்க முடியாம கடைக்காரர்கிட்ட குத்துமதிப்பா வாங்கிட்டு வருவேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஊர்ல யாரு எழுதினாலும் சிவப்பு மையால வட்டம் போடுவீங்க."

"நீ வருத்தப்படுவேன்னு..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை.

அவளுக்குக் கண்ணீர் வந்தது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, உதடு கோணவில்லை, கல்லாட்டம் இருந்த முகத்தில் கண்ணீர் மட்டும் இறங்கியது. அவர் அதைப் பார்த்துப் பயந்துபோய், எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். தொடலாமா என்று தெரியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே இரண்டு பேரும் நரம்பு டாக்டரிடம் போனார்கள். ஏன் இத்தனை நாள் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாதி மாத்திரையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போடச் சொன்னாள். முதல் வாரம் குமட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் கோட்டை எடுத்துப் பொத்தான் போட்டாள், போட்டு முடித்த பிறகுதான் ஐந்தையும் போட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. நடக்கும்போது இடது கை தானாக வீசியது. நடுக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் மந்தம் விலகிவிட்டது. போனில் மகள் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. மகள் சுமந்த மாதங்களில் ஒன்றில்கூட அம்மாவின் சிரிப்பை அவள் பார்த்ததில்லை.

மருந்து இவ்வளவு நன்றாக வேலை செய்ததுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வேலை செய்யாமல் இருந்திருந்தால், எப்போது தொடங்கியிருந்தாலும் இதே கதிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம்.

ஊசிக்குத் திரும்பலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வேண்டாம் என்றாள். வார்டுகளிலிருந்து வரும் குழாய்களை வாங்கிச் சீட்டு ஒட்டும் மேசைக்கு அவளை மாற்றினார்கள். ஏழாவது வாரம், வேலை முடிந்ததும், பக்கத்துத் தெருவுக்குப் போய்த் தையல் கடையைக் கண்டுபிடித்தாள்.

இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. உள்ளே இரண்டு மெஷின், ஒன்றின்மேல் உறை போட்டு மூடியிருந்தது. வெட்டி வைத்த வெள்ளைச் சட்டைகள் மேசையில் குவிந்து கிடந்தன. தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள், அடையாளம் தெரிந்தது. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இவள் குனிந்து உள்ளே போனாள்.

"விரல் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்படியேதான் இருக்கு. மெஷின் ஓட்டிடுவேன். கைத்தையல்தான் முடியல. ஊசி குத்தினாலும் தெரியறதில்ல. துணியில கறை பட்டாத்தான் பாப்பேன்." மேலே கிடந்த சட்டையின் காலரைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளையில் மூன்று பழுப்புப் புள்ளிகள். "இதை இனிமே கொடுக்க முடியாது."

இவள் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரி நூலைப் பல்லால் கடித்து, ஊசியை எடுத்துக் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக்கு இந்தப்பக்கம் போனது, அந்தப்பக்கம் போனது. இவள் கையை நீட்டினாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தையல்காரி ஊசியையும் நூலையும் கொடுத்தாள். இவள் வெளிச்சத்துக்குத் திருப்பி, இடது கையில் ஊசியைப் பிடித்து, நூலைக் கோத்து நீட்டினாள்.

"கை நல்லா நிக்குதே உங்களுக்கு" என்றாள் தையல்காரி.

"மாத்திரை சாப்பிடறேன்."

"எப்பலேர்ந்து?"

"ஒன்றரை மாசமா."

"முன்னாடி கிடைக்கலையா?"

"கிடைச்சுது" என்றாள்.

தையல்காரி கையை நீட்டி ஊசியை வாங்கிக்கொண்டு, சட்டையை எடுக்கத் திரும்பினாள். ஊசி விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்திருந்தது. அது விழுந்தது தையல்காரிக்குத் தெரியவில்லை.